பாத்திக் விற்று வாங்கிய நிலம்

இஞ்சம்பாக்கத்தில் ஓவியர்கள் சேர்ந்து வாங்கிய அந்த நிலத்துக்குக் காசு, பாத்திக் துணி விற்றுத்தான் வந்தது என்று சொன்னால் என் நண்பர்களில் பாதிப் பேர் நம்புவதில்லை. "அரசாங்கம் கொடுத்திருக்கும்பா" என்பார் ஒருவர். "எவனாவது பெரிய மனுஷன் எழுதி வெச்சிருப்பான்" என்பார் இன்னொருவர். சோழமண்டலம் ஓவியர் கிராமம் என்ற பெயர்ப்பலகையைக் கண்ணோரத்தில் பார்த்துக்கொண்டே, வண்டியை நிறுத்தாமல் மாமல்லபுரத்துக்கு விரட்டியவர்கள்தான் நம்மில் அதிகம். அதனால் இந்தக் கதை பலருக்குத் தெரியாமல் போனதில் ஆச்சரியம் இல்லை.

1960-களின் தொடக்கம். சென்னை ஓவியக் கல்லூரியில் படித்து முடித்து வெளியே வருகிறவர்களுக்கு வேலை கிடையாது. ஓவியம் வாங்க ஆளும் கிடையாது. பம்பாயில் நாலு கேலரி, பார்சி வியாபாரிகள், வெளிநாட்டுத் தூதரக ஆட்கள் என்று ஒரு சின்னச் சந்தையாவது இருந்தது. மதராஸில் அதுவும் இல்லை. இங்கே கச்சேரிக்கு ஆள் வரும், சினிமாவுக்கு ஆள் வரும். படம் வாங்கி வீட்டில் மாட்டுவது என்றால் காலண்டர்தான். அப்போது கல்லூரியின் முதல்வராக இருந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். கோயம்புத்தூரில் பிறந்த மலையாளி, தந்தித் துறையிலும் இன்சூரன்ஸிலும் வேலை பார்த்துவிட்டு 25 வயதில் ஓவியக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தவர். சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் படம் வரைகிற வாழ்க்கை எப்படி முடியும் என்று அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். அவர் தலைமையில் ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து கைவினைச் சங்கம் ஒன்றை ஆரம்பித்தார்கள். கல்லூரி நேரம் முடிந்ததும் துணியில் மெழுகு ஊற்றினார்கள், தோலில், உலோகத்தில், மண்ணில் பொருள்கள் செய்தார்கள். பாத்திக் நன்றாக விற்றது. அந்தப் பணத்தில்தான் 1966-இல் நகரத்துக்குத் தெற்கே, கடலோர மணல்வெளியில் சுமார் 10 ஏக்கர் வாங்கினார்கள். நிலம் ஓவியர்களின் சொந்த நிலம். அரசு மானியம், புரவலர் தயவு என்ற பேச்சே இல்லை. காலையில் கைவினை, மிச்ச நேரம் முழுக்க ஓவியம், சிற்பம் என்பது ஏற்பாடு.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. இந்திய நவீன ஓவியத்தில் 'நம்முடைய அடையாளம் எது' என்ற கேள்வியை மிகத் தீவிரமாகக் கேட்டவர்கள் இந்தக் கூட்டத்தினர். அவர்களுக்குச் சோறு போட்டது யாருடைய அடையாளம்? பாத்திக் என்பது ஜாவாத் தீவுக்காரர்கள் உச்சத்துக்குக் கொண்டுபோன கலை. துணியில் உருக்கிய மெழுகால் கோலம் போட்டு, சாயத்தில் முக்கி, மெழுகைக் கொதிநீரில் கழற்றினால் மெழுகு இருந்த இடம் வெள்ளையாக நிற்கும். மெழுகு வெடித்த இடங்களில் மயிரிழை போலச் சாயம் ஓடியிருக்கும். 1927-இல் தாகூர் ஜாவா போய் வந்த பிறகு அது சாந்திநிகேதனில் வேரூன்றி, அங்கிருந்து இந்தியா முழுக்கப் பரவியது. ஆனால் அதற்கும் பல நூற்றாண்டு முன்னால், இதே சோழமண்டலக் கரையிலிருந்து கப்பல் கப்பலாக எழுதுதுணிகள் ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் போய்க்கொண்டிருந்தன. யார் யாரிடமிருந்து வாங்கினார்கள் என்று கணக்குப் பார்க்க உட்கார்ந்தால் விடிந்துவிடும்.

சரி, அடையாளக் கேள்வி எங்கிருந்து கிளம்பியது?

பணிக்கர் 1954-இல் லண்டனுக்கும் பாரிஸுக்கும் தன் படங்களோடு போனார். அதற்குப் பத்து வருடம் முன்பே, 1944-இல், மதராஸில் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கியிருந்தார். பம்பாயில் சூசா, ரசா, ஹுசைன் எல்லாம் சேர்ந்து தங்கள் முற்போக்குக் குழுவை ஆரம்பித்தது 1947-இல்தான் என்பதை, மதராஸ் எப்போதும் பின்னால்தான் என்று நினைப்பவர்களுக்காக இங்கே குறித்து வைக்கிறேன். அந்தக் காலத்துப் பணிக்கர் படங்களில் வான்கோவும் கோகானும் வெளிப்படையாகவே தெரிவார்கள். நல்ல படங்கள்தான். 'தோட்டம்' வரிசையில் அந்தப் பச்சையும் மஞ்சளும் இன்றைக்கும் கண்ணை நிறுத்தும். ஆனால் அதே படத்தைக் கொண்டுபோய் வான்கோ பிறந்த கண்டத்தில் மாட்டி வைத்தால் பார்க்கிறவன் என்ன கேட்பான்? 'நன்றாக இருக்கிறது, இதில் நீ எங்கே?' என்று வாய்விட்டுக் கேட்கவில்லை என்றாலும் பார்வையில் கேட்பான்.

எனக்கு இந்தக் கேள்வி மீது கொஞ்சம் கோபம் உண்டு. பிக்காசோ ஆப்பிரிக்க முகமூடியைப் பார்த்து வரைந்தால் அது கண்டுபிடிப்பு. ஒரு மதராஸ்காரன் வான்கோவைப் பார்த்து வரைந்தால் அது நகல். ஸ்பெயின்காரனிடம் உன் ஸ்பெயின் எங்கே என்று யாரும் வரி கேட்பதில்லை. அடிமைப்பட்டிருந்த நாடுகளின் கலைஞர்கள்தான் ஒவ்வொரு முறையும் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்ட வேண்டியிருக்கிறது. கேள்வி நியாயமில்லாதது என்பது வேறு. ஆனால் அந்த நியாயமில்லாத கேள்விக்கு இவர்கள் கொடுத்த பதில்களில் சில, கேள்வியைவிடப் பெரியவை.

மதராஸ் பதிலுக்கு ஒரு தனிக் காரணம் இருந்தது, அது அந்தக் கல்லூரிக் கட்டடத்திலேயே இருந்தது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கும் அந்தக் கல்லூரி 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் ஆரம்பித்தது. இரண்டு வருடத்தில் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. வெள்ளைக்காரனுக்கு இங்கே மேதைகளை உருவாக்கும் எண்ணமெல்லாம் கிடையாது. மண்பாண்டம், மரவேலை, உலோகவேலை, நகைவேலை, துணி வடிவமைப்பு என்று கைத்தொழில் பயிற்றுவிப்பதே நோக்கம். நூறு வருடம் கழித்து அதுவே வரமாக அமைந்தது. ஓவிய மாணவன் வகுப்பிலிருந்து நாலு அடி எடுத்துவைத்தால் தகடு தட்டுகிறவர், சக்கரத்தில் மண் வனைகிறவர், தறிக்கு வடிவம் போடுகிறவர் என்று எல்லோரையும் பார்க்கலாம். கலை வேறு, கைவினை வேறு என்ற ஐரோப்பாவின் உயரமான சுவர் அந்த வளாகத்தில் எழும்பவே முடியவில்லை.

பணிக்கருக்கு முன் முதல்வராக இருந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1929 முதல் 1957 வரை. அவனீந்திரநாத் தாகூரின் மாணவர், அதாவது 'இந்தியத்தன்மை' என்பதைக் கொள்கையாகவே வைத்திருந்த வங்கப் பள்ளியிலிருந்து வந்தவர். ஆனால் மெரினாவில் 1959-இல் வைத்த அவருடைய உழைப்பாளர் சிலையைப் பாருங்கள். பாறையை நெம்பும் நாலு பேரின் முறுக்கேறிய தசையில் ரோடானின் பிள்ளைகளைத்தான் பார்க்க முடியும். இருந்தும் சென்னையின் முகம் என்று எந்த ஊர்க்காரருக்கும் முதலில் காட்டுவது அதைத்தான். உடம்பு ஐரோப்பியப் பாணியில் அமைந்திருக்கிறது என்று யாரும் அதை அந்நியமாக நினைக்கவில்லை. அந்த நாலு பேரும் கோவணம் கட்டிய நம்ம ஊர்ப் பாட்டாளிகளாகவே நமக்குத் தெரிகிறார்கள்.

1963-இல் பணிக்கர் தன் பாதையைத் திருப்பினார். 'சொற்களும் குறியீடுகளும்' என்று பின்னால் பெயர்பெற்ற வரிசை அப்போது தொடங்கியது. ஒரு மாணவரின் கணக்கு நோட்டைப் பார்த்ததுதான் இதற்குப் பொறி என்று சொல்லப்படுவதுண்டு. முதலில் கணக்குக் குறிகள், எண்கள், ரோமன் எழுத்துகள். பிறகு மலையாள எழுத்து, ராசிக் கட்டம், கிரகக் குறிகள், மீன், பறவை, பாம்பு, அட்டவணை மாதிரிக் கோடுகள். கித்தான் முழுக்கப் பொடிப்பொடியாக எழுத்து. தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ ஒரு குடும்பத்தின் பழைய ஜாதகக் கட்டை விரித்துப் போட்ட மாதிரி இருக்கும்.

மலையாளம் நன்றாகப் படிக்கத் தெரிந்த பாலக்காட்டு நண்பர் ஒருவரை ஒருமுறை பணிக்கர் படத்தின் முன்னால் நிறுத்தினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே போனார். ஒரு எழுத்து கிடைத்தது. அடுத்தது கிடைத்த மாதிரி இருந்து நழுவியது. "இது வாக்கியமே இல்லைடா" என்று பத்து நிமிடம் கழித்துத் திரும்பினார். ஏமாந்துபோன முகம். எனக்கோ மலையாளம் படிக்கத் தெரியாது. அதனால் ஆரம்பத்திலிருந்தே அதை வெறும் கோடாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் கடைசியில் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தோம். அந்தப் படங்களைப் படிக்க முடியாது. படிப்பதற்காக அவை எழுதப்படவில்லை. ஜாதகக் கட்டத்தைப் பார்த்ததும் நமக்குள் ஒரு மரியாதையும் பயமும் எழுகிறதே, ஜோசியர் வாயைத் திறப்பதற்கு முன்னால் இருக்கும் அந்த நிமிடம், அதை மட்டும் பிடித்துக்கொண்டு பலனைச் சொல்லாமல் விட்டுவிட்டார் மனிதர். கோபுரத்தையும் குத்துவிளக்கையும் வரைந்து 'இது எங்கள் நாடு' என்று அறிவிப்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

இந்த இடத்தில் ஒரு வில்லங்கமும் உண்டு. சோழமண்டலத்துக்கு நிலம் வாங்கிய அதே 1966-இல் அஜித் முகர்ஜியின் 'தந்திரக் கலை' என்ற பெரிய படப்புத்தகம் வெளிவந்தது. மேலைநாட்டு இளைஞர்கள் ஊதுபத்தியும் சிதாரும் தேடிக்கொண்டு இந்தியாவுக்கு விமானம் ஏறிக்கொண்டிருந்த காலம். யந்திரம், பிந்து, முக்கோணம், தாமரை என்று வரைந்தால் வாங்க ஆள் இருந்தது. வடக்கே ஜி.ஆர். சந்தோஷ், பிரேன் டே, தெற்கே சோழமண்டலத்திலேயே கே.வி. ஹரிதாசன் என்று பலர் அந்தத் திசையில் போனார்கள். இவர்களில் உண்மையான ஈடுபாட்டோடு செய்தவர்கள் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் யந்திரத்தைப் பார்த்ததும் 'ஆன்மிக இந்தியா' என்று முத்திரை குத்தி விற்பது கடைக்காரருக்கு எளிதாக இருந்தது. பணிக்கரையும் அந்த மூட்டையில் சேர்த்துக் கட்டினார்கள். எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. அவருடைய படங்களில் தியானம் குறைவு, கிண்டல் அதிகம். அந்தக் கணக்கு நோட்டுக் குணம் கடைசிவரை போகவில்லை.

இனி ஜானகிராமைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே முக்கால்வாசி அவருக்காகத்தான்.

பி.வி. ஜானகிராம், 1930-இல் பிறந்தவர், ஓவியம் கற்றுச் சிற்பத்துக்கு வந்தவர். தமிழ்நாட்டுச் சிற்பி 'பாரம்பரியத்திலிருந்து' எதையாவது எடுக்கப்போகிறார் என்றால் நம் மனசு உடனே எங்கே போகும்? சோழர் வெண்கலம். அல்லது மாமல்லபுரக் கல். ஜானகிராம் இரண்டையும் விட்டுவிட்டார். அவர் கண் போனது கவசத்துக்கு. மூலவருக்குச் சாத்தும் வெள்ளிக் கவசம், செப்புக் கவசம், கோயில் கதவிலும் வாகனத்திலும் பொதியும் தகட்டு வேலை. மெல்லிய தகட்டைப் பின்பக்கமிருந்து தட்டித் தட்டி முன்பக்கம் உருவத்தை எழுப்புகிற வேலை அது. கலை வரலாற்றுப் புத்தகங்களில் அதற்கு அரைப் பக்கம்கூடக் கிடைப்பதில்லை. செய்கிறவரின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் ஏறாது.

செப்புத் தகட்டை எடுத்தார், தட்டினார், வெட்டினார், மடக்கினார், பற்றவைத்தார். கோடு வேண்டிய இடத்தில் கம்பியையே கோடாக ஒட்டவைத்தார். பிள்ளையார், இயேசு, அரசர்கள், இசைக்கலைஞர்கள். இந்தச் சிற்பங்களில் முக்கியமான சங்கதி, அவற்றை முன்னால் நின்று பார்க்க வேண்டும் என்பது. ஐரோப்பியச் சிற்ப இலக்கணப்படி நல்ல சிற்பத்தைச் சுற்றிவந்து பார்க்கணும். நாலு பக்கமும் பேசணும். ஜானகிராமுடையது அப்படிப் பேசாது. பின்னால் போனால் வெறும் தகட்டின் முதுகு. ஏன் பேசணும்? நாம் மூலவரைச் சுற்றிவந்தா பார்க்கிறோம்? பிராகாரத்தைத்தான் சுற்றுகிறோம். கருவறை வாசலில், இருட்டில், முன்னால் நின்று, எக்கி, தீபாராதனை வெளிச்சத்தில் பளிச்சிடும் கவசத்தை ஒரு நொடி பார்க்கிறோம். அந்தப் பார்வைதான் நம்முடையது. ஜானகிராம் ஊரிலிருந்து எடுத்தது சாமி உருவத்தை இல்லை, சாமியைப் பார்க்கிற விதத்தை. அதனால்தான் அவர் இயேசுவைச் செய்தாலும் அது இந்த மண்ணின் சிற்பமாக நிற்கிறது.

தகடு விலையும் குறைவு என்பதை மறந்துவிடக் கூடாது. வெண்கலம் வார்க்க உலை வேண்டும், ஆள் வேண்டும், ஸ்தபதியின் பட்டறை வேண்டும், கையில் ஆர்டர் வேண்டும். தகடும் சுத்தியலும் பற்றவைக்கும் கருவியும் இருந்தால் ஓர் ஆள் தன் கொட்டகையிலேயே உட்கார்ந்து செய்துவிடலாம். பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபாலும் பின்னால் அதே முன்பார்வை உலோகச் சிற்பத்தில்தான் செம்பு, பித்தளை, எனாமல் என்று தனக்கான வழியைப் பெரிதாக்கினார். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பொருளாதாரம் நடத்திய ஜோசப் ஜேம்ஸ்தான் இந்த இயக்கத்துக்கு வாய்த்த நல்ல விமர்சகர். பொருளாதாரக்காரர் என்பதால்தானோ என்னவோ, கலையையும் பிழைப்பையும் அவர் தனித்தனிப் பெட்டியில் வைக்கவில்லை.

சோழமண்டலத்துக்கு வெளியே இருந்தவர்களுக்கும் பிழைப்பு ஒரு வழியைக் காட்டியது. மத்திய அரசின் நெசவாளர் சேவை மையம் ஓவியர்களை வேலைக்கு எடுத்தது. ரெட்டப்ப நாயுடு அங்கே இருந்தார், ஆதிமூலம் அங்கே இருந்தார். பகலில் சேலைக்குக் கரையும் முந்தானையும் வரைந்த கை, இரவில் கித்தானுக்குப் போனது.

கே.எம். ஆதிமூலம் திருச்சிப் பக்கத்துக்காரர். 1969-இல் காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்களும், பிறகு வந்த மகாராஜாக்களும் கலை உலகில் பேர் வாங்கிக் கொடுத்தன. ஆனால் கேலரி வாசல்படியை மிதிக்காத ஆயிரக்கணக்கான தமிழர்களுக்கு அவரைத் தெரியும், வேறு வழியாக. கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' ஜூனியர் விகடனில் வந்தபோது கூடவே ஆதிமூலத்தின் படங்களும் வந்தன. கரிசல் சம்சாரியின் நாடியும் மூக்கும் முண்டாசும், காய்ந்த நிலம் வெடித்த மாதிரிக் கோடுகளில். டீக்கடை பெஞ்சில் பத்திரிகையைப் புரட்டியவன் அதைப் பார்த்து 'இது நம்ம மாமா மாதிரி இருக்கே' என்றிருப்பான். சிறுபத்திரிகை அட்டைகளும் புத்தக முகப்பு எழுத்துகளும் தனிக் கதை. தமிழ் எழுத்தைத் தூரிகையால் எழுதி அதற்கு ஒரு நவீன முகம் கொடுத்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. டில்லி அகாதெமி விருதுகளைவிட அந்த ஜூனியர் விகடன் பக்கங்கள் அதிகம் சாதித்தன என்று நான் சொன்னால் ஓவிய நண்பர்கள் கோபிப்பார்கள். கோபிக்கட்டும்.

எல்லோரும் இந்த 'வேர் தேடும்' படலத்துக்குத் தலையாட்டினார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். ஆர்.பி. பாஸ்கரன் ஆட்டவில்லை. அதே கல்லூரியில் படித்து, பின்னால் அங்கேயே முதல்வராகவும் இருந்தவர். இந்தியனாக வரை என்று யாரோ சொல்லி வரைவது அவருக்கு ஒவ்வாது. பூனை வரைந்தார். வருடக்கணக்கில் பூனை. பூனைக்கு ஏது தேசியம்! பிறகு 'தம்பதியர்' வரிசையை வரைந்தார். பழைய ஸ்டூடியோ போட்டோக்கள் ஞாபகம் இருக்கிறதா? கல்யாணம் ஆன புதிதில் எடுத்தது. நாற்காலியில் ஒருவர், பக்கத்தில் நிற்பவர் ஒருவர், இரண்டு பேருக்கும் நடுவே ஒரு சாண் தூரம், முகத்தில் சிரிப்பு கிடையாது, போட்டோகிராபர் சொன்ன இடத்தில் கை. கூடத்துச் சுவரில் வரிசையாகச் சாய்த்து மாட்டியிருப்பார்களே, அதுதான். அந்த விறைப்பையும் அந்த ஒரு சாண் தூரத்தையும் பாஸ்கரன் எடுத்துக்கொண்டார்.

அடையாளம் என்ற வாடையே வேண்டாம் என்று விலகிப் போனவர், நம் வீட்டுக்குள் இருக்கும் ஒரு பொருளை எடுத்து நம் முன்னாலேயே வைத்துவிட்டார். ராசிக் கட்டத்தையும் கவசத்தையும் பார்த்து வளராத வீடுகள் உண்டு. அந்தத் தம்பதி போட்டோ இல்லாத வீடு குறைவு. இந்து வீடு, முஸ்லிம் வீடு, கிறித்துவ வீடு என்ற பேதமும் அதற்கு அதிகம் இல்லை. கேமரா வெள்ளைக்காரனுடையது, நாற்காலி விக்டோரியா காலத்துப் பாணி, திரைச்சீலையில் வரைந்திருப்பது எந்த நாட்டு மாளிகையோ. இருந்தும் அதைப்போல நம்முடையது வேறு எதுவும் இல்லை.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்தில் 'இந்திய மரபு' என்று தேடிப்போனவர்களில் பெரும்பாலோர் கதவைத் தட்டியது கோயிலிலும் ஜோசியத்திலும் தந்திரத்திலும்தான். அது ஒரு பகுதி, முழுசு இல்லை. ஜே. சுல்தான் அலி வேறு பக்கம் போனார். பம்பாயில் பிறந்து, மதராஸில் படித்து, சோழமண்டலத்தில் வாழ்ந்தவர். பஸ்தர் பழங்குடிகளின் உருவங்களைப் பின்தொடர்ந்து, காளையும் பாம்பும் கொம்பு வைத்த தெய்வங்களுமாக வரைந்து, ஓரத்தில் தானே கற்பித்த ஓர் எழுத்தையும் எழுதி வைத்தார். ஒரு முஸ்லிம் ஓவியர் நந்தியை வரைவது அன்றைக்கு யாருக்கும் செய்தியாக இல்லை. இன்றைக்கு என்ன ஆகும் என்று யோசித்தால் வயிற்றைக் கலக்குகிறது. கூடவே, பழங்குடி உருவத்தை நகரத்து ஓவியர் எடுத்துக்கொள்வது சரியா, பிக்காசோமேல் எனக்கு வந்த கோபம் இங்கே ஏன் வரவில்லை என்று நீங்கள் கேட்டால், கேள்வி நியாயம்தான். படத்தில் கையெழுத்து யாருடையது, காசு யாருக்குப் போனது என்பதுதான் அதற்கு அளவுகோல் என்றால், சுல்தான் அலியும் தப்ப முடியாது.

ஓவியர் ராமானுஜத்தையும் இந்தக் கணக்கில் எங்கே வைப்பது? சரளமாகப் பேச வராதவர். பேனா மையால் அடுக்கடுக்காகக் கனவு மாளிகைகள், பறக்கும் விலங்குகள், நடுவில் தொப்பி போட்ட ஒரு சின்ன மனிதன். அந்த மனிதன் அவரேதான். 1973-இல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே இறந்துபோனார். எந்த நாட்டு அடையாளமும் அவருக்குக் கவலை இல்லை. அவருக்கு ஒரு நாடு வேண்டியிருந்தது, அதைத் தானே கட்டிக்கொண்டார்.

பெண்கள்? விரல்விட்டு எண்ணலாம். டி.கே. பத்மினி பொன்னானிப் பக்கத்திலிருந்து மதராஸுக்கு வந்து படித்தவர். பச்சைக்கும் கருமைக்கும் நடுவே நிற்கும் பெண்ணுடல்களை, யாருக்கும் காட்சிப்பொருளாக இல்லாமல், தனக்குள் பார்த்துக்கொண்டு நிற்கும் உடல்களாக வரைந்தார். அந்த நாட்களில் ஓவியங்களில் 'இந்தியப் பெண்' என்றால் குடமும் கொண்டையும்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு துணிச்சல் என்று புரியும். 1969-இல், முப்பதை எட்டுவதற்குள், பிரசவத்தில் போய்விட்டார். இருநூற்றுக்கும் மேலான படங்கள். ஆண்களுக்கு அமைந்த மாதிரி ஐம்பது வருடம் அவருக்கும் அமைந்திருந்தால் இந்தப் பதிவில் பணிக்கருக்குக் கிடைத்த இடம் அவருக்குப் போயிருக்குமோ என்னவோ.

இன்றைக்கு வந்தால், திருவண்ணாமலையிலிருந்து வந்த பெனிதா பெர்சியாள் சாம்பிராணியையும் வாசனைப் பொருள்களையும் மரப்பட்டைப் பொடியையும் சேர்த்து அச்சில் வார்த்துக் கிறித்துவ உருவங்களைச் செய்கிறார். 2014 கொச்சி பினாலேயில் அவற்றை வைத்திருந்தார். கண்ணுக்கு முன்னால் மூக்குதான் அவற்றை அடையாளம் கண்டுகொள்ளும். நம்ம ஊர் மாதா கோயில் வாசனை.

இவ்வளவு நேரம் நாடு, நாடு என்று பேசிக்கொண்டிருந்தோம். நாடு என்ற ஒன்று காலுக்குக் கீழே உறுதியாக இருப்பவர்களுக்குத்தான் இந்தப் பேச்சு வசதி. யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2011-இல் 'முற்றுப்பெறாத தோம்பு' என்று ஒரு நூல் செய்தார். தோம்பு என்பது போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் காலத்திலிருந்து வந்த காணிப் பதிவேடு. யார் காணி எது என்று எழுதி வைக்கும் அரசாங்கப் புத்தகம். போரில் வீட்டை விட்டு இடம்பெயர்ந்தவர்களிடம் போய், உங்கள் வீட்டை ஞாபகத்திலிருந்து வரைந்து காட்டுங்கள் என்று கேட்டார். ஓவியம் வரையத் தெரியாதவர்கள். கை நடுங்க, கிணறு இங்கே, மாமரம் இங்கே, சாமியறை இங்கே என்று போட்ட கோடுகள். அந்தக் கோட்டை வைத்து ஒரு கட்டடக் கலைஞர் முறையான வரைபடம் போட, அதற்குமேல் சனாதனன் தன் படத்தைச் சேர்த்தார். நூலே ஓர் அலுவலகக் கோப்பு மாதிரி இருக்கும்.

புரட்டும்போது ஒன்று கவனித்தேன். வீட்டுப் படம் வரையச் சொன்னால் மனிதர்கள் வாசலையும் சுவரையும் மட்டும் வரைவதில்லை. வேலி, பக்கத்து வளவு, ஆட்டுக்கொட்டில், எல்லாம் வந்துவிடுகிறது. ஒருவர் கோடு இன்னொருவருடையதைப் போல இல்லை. இதில் மரபுச் சின்னம் என்று பிரித்தெடுக்க எதுவும் இல்லை. சங்கும் யாளியும் கொடியும் தேடினால் கிடைக்காது. கேலரிகளில் 'தேசிய அடையாளம்' என்று தலைப்பிட்டு மாட்டிய எத்தனையோ பெரிய கித்தான்களை இந்தப் பென்சில் கோடுகள் ஓரமாகத் தள்ளிவிடுகின்றன என்பது என் எண்ணம்.

சென்னையில் இருப்பவர்களுக்கு ஒரு யோசனை. சோழமண்டலத்தில் 2009-இல் திறந்த அருங்காட்சியகம் இருக்கிறது; மேலே சொன்னவர்களில் பலரை ஒரே இடத்தில் பார்க்கலாம். போவதென்றால் முதலில் அங்கே போங்கள், பிறகு எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடத்துக்கு. மாற்றிப் போனால் ஆயிரம் வருடத்து நடராஜர் கண்ணிலேயே நிற்பார், ஜானகிராமின் தகடு எடுபடாமல் போய்விடும். நான் சொன்ன வரிசையில் போனால், எழும்பூரில் ஒன்று தட்டுப்படும்: உற்சவமூர்த்திகளின் முதுகுப்பக்கம் எவ்வளவு நுணுக்கமாகச் செய்யப்பட்டிருக்கிறது என்பது. பட்டும் மாலையும் போர்த்தி வீதியுலா போனபோது எந்தப் பக்தரும் அதைப் பார்த்திருக்க முடியாது. ஸ்தபதி அந்த முதுகை யாருக்காகச் செய்தார், ஜானகிராம் ஏன் செய்யாமல் விட்டார் என்று அங்கேயே நின்று சண்டை போடுவதற்கு நல்ல நண்பர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.